உதறிவிட்டு இறங்கவும்

தீவு முகாம்
பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கறுத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். உங்கள் முதுகுவலி தேவலையா? அண்ணன் இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா?

இங்கே கைபேசி எடுக்காது. முகாமில் இருக்கும் வயர்லெஸ் துறைமுக அலுவலகத்தோடு பேச மட்டும்தான். கலங்கரை விளக்கத்துக்குச் சாமான் ஏற்றிவரும் படகு, கடல் மனசு வைத்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். ஆகவே கடிதம். உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

"பூச்சியைப் பத்தி இவ்ளோ படிச்சுட்டு, கடைசியில எறும்பு பிடிக்கவா போறே?" என்று கிளம்புகிற அன்றுகூடக் கேட்டான் அண்ணன். அவன் தலைமை அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு புரட்டுகிறவன், கேட்பான். நானும் அதே வனத்துறைதான், ஆனால் எனக்கு விசிறி இல்லை.

இந்தத் தீவின் நடுவில் ஒரு காடு. அதற்குத் தோட்டக்காரர்கள் சிவப்பு நண்டுகள். உதிர்ந்த இலையைத் தின்று, மண்ணைக் கிளறி, தரையைப் பெருக்கி வைத்த மாதிரி வைத்திருக்கும். உலகத்தில் வேறெங்கும் இந்த நண்டு கிடையாது. சில வருடங்களுக்கு முன் சிமெண்டு மூட்டைகளோடு ஒரு மஞ்சள் எறும்பு வந்து இறங்கியிருக்கிறது. கிறுக்குப் பிடித்த மாதிரி ஓடும். கடிக்காது, கொட்டாது. அமிலத்தைப் பீச்சும். நண்டுக்குக் கண் வெந்துவிடும். கண் தெரியாத நண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும். நண்டு போன இடத்தில் இலை மக்காமல் முழங்கால் அளவு கிடக்கிறது. மரத்திலோ, இந்த எறும்புகள் பால்மாடு மாதிரி வளர்க்கும் செதில்பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, கிளையெல்லாம் கரி அப்பியது போல இருக்கிறது.

தரையில் கூடு வைக்கும் கடல்பறவைகளுக்கும் இதே கதி. நேற்று ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் பொருக்கு. தாய்ப்பறவை மீனைக் கொண்டுவந்து வாய்க்குப் பக்கத்தில் நீட்டுகிறது. குஞ்சு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வாயைத் திறக்கிறது. அண்ணி, எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

எங்கள் ஆயுதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சர்க்கரைத் தண்ணீர்! கைக்குழந்தை டயப்பருக்குள் தண்ணீரைக் குடித்து வீங்கும் மணிகள் இருக்குமே, அவற்றைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, துளி விஷம் கலந்து, நண்டு நுழைய முடியாத ஓட்டைக் குழாய்களில் போட்டு வைக்கிறோம். வேலைக்கார எறும்பு அதைக் கொண்டுபோய் ராணிக்கு ஊட்டும். மெதுவாகக் கொல்லும் விஷம், அதனால் சந்தேகப்படாது. மழைக்கு முன் தீவு முழுக்க வைத்து முடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை விட்டாலும் அங்கிருந்து எல்லாம் திரும்பி வரும்.

கூட மூன்று பேர்: சமையல்காரர், நெட்டையர், வெயிலிலும் ஸ்வெட்டர் கழற்றாத கம்பளி. மூன்று பேரும் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டுத் தங்கள் இஷ்டப்படி செய்கிறவர்கள்.

உங்கள் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் இந்த மாதம் எத்தனை சுவர் இடிந்தது?

உங்கள்
வாலு


வீடு
மார்ச் 2

என் அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முதுகுவலியும் சௌக்கியமாக இருக்கிறது. உன் அண்ணன் மாத்திரை போட்டேன் என்கிறார். போடுவதும் போட்டேன் என்பதும் ஒன்றுதானா என்று நான் கிளறவில்லை.

சுவர் கேட்டாயே, ஒன்று. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தலைமையாசிரியை பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். எதிர்வீட்டு மதில் படுத்துவிட்டது. அந்த அம்மா இறங்கிப் போய் மதிலைத்தான் திட்டினார், வழியில் நின்றதற்காக. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்களெல்லாம் இப்போது எறும்புக் கதை கேட்கத்தான் வருகிறார்கள். அந்தக் குஞ்சைப் பற்றிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

உன் அண்ணனும் படித்தார். மடித்து வைத்துவிட்டு, "அங்க டாக்டர் இருக்காங்களாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நானும் ஒன்றுதான் கேட்கிறேன். வேலை செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறாயா? மற்றக் கதையெல்லாம் பிறகு, முதலில் இதற்குப் பதில் எழுது.

உன் அண்ணி


வீடு
ஏப்ரல் 5

வாலு,

நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். படகு வந்து வந்து போகிறது, உன் எழுத்து ஒன்றும் இல்லை. பிடிவாதமாக இருக்கிறாயா, வேலையா, கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதலாமே.

போன வாரம் உன் அண்ணன் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். படகுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "அங்க காத்து ஜாஸ்தியாம்" என்றார். தட்டில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். காற்று அதிகம் என்பதற்கு யாராவது பட்டினி கிடப்பார்களா?

இரண்டு வரி போதும். உன் கையால்.

அண்ணி


தீவு முகாம்
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சொல்லச் சொல்ல நெட்டையர் எழுதுகிறார். கையில் சின்னக் கொப்புளம், அதனால்தான். மற்றபடி நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

தெற்குப் பக்கமும் நடுக்காடும் முடிந்தது. நேற்று கம்பளி ஓடிவந்து, "மேடம், உக்காந்து பாத்துட்டேன், காலு மேல ஒண்ணுகூட ஏறலை!" என்றார். போன மாதம் அதே இடத்தில் நின்றாலே முழங்கால் வரை மஞ்சளாக மொய்க்கும். இனி வடக்குச் சரிவு மட்டும் பாக்கி.

கண்ணாடி எல்லாருக்கும் இருக்கிறது. வியர்வையில் பனி படர்ந்துவிடும், துடைத்துத் துடைத்துப் போட வேண்டும்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு என் அன்பு. எதிர்வீட்டு மதிலுக்கு என் அனுதாபம்.

வாலு

(மேடம் நலமாக இருப்பதாக எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். இப்படிக்கு, எழுதியவர்.)


வீடு
மே 3

அன்பு வாலு,

நெட்டையருக்கு என் வணக்கத்தைச் சொல். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அவர் கடைசியில் போட்ட அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

கொப்புளம் எந்தக் கையில்? கையெழுத்து போடுகிற கையிலா? அப்படியென்றால் கடைசியில் 'வாலு' என்று போட்டது யார்? அது உன் எழுத்துத்தான். ஆனால் கோட்டை விட்டுக் கீழே சரிந்து, ஓரத்தில் நெட்டையர் எழுதியிருந்த வரியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் கண் தெரியாமல் கார் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். மருத்துவச் சான்றிதழ் பொய் சொல்லும், வண்டி போகிற போக்கு சொல்லாது. கண்ணாடியைப் பற்றி நான் கேட்டது உனக்கு. நீ பதில் சொன்னது 'எல்லாருக்கும்'.

சரி, நீயாகச் சொல்லும்வரை விடுகிறேன்.

இன்னொரு விஷயம். இதே படகில் உனக்கு அலுவலகத்திலிருந்து ஓர் உறை வரும். முகாமை மூடிவிட்டு அடுத்த படகில் எல்லாரும் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. இனி மளிகையும் அனுப்பமாட்டார்களாம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பிரி. அதில் இருப்பதை வைத்து யாரையும் உடனே வெறுத்துவிடாதே. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அண்ணி


தீவு முகாம்
மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து பெரிதாக, கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறையைப் பிரித்தேன். உத்தரவுக்கு அடியில் இயக்குநர் கையெழுத்து. அதோடு இணைத்திருந்த பரிந்துரைக் குறிப்பில் அண்ணன் கையெழுத்து. இதைத்தானே உங்களால் எழுத முடியவில்லை?

நானும் எழுதாததை எழுதிவிடுகிறேன். மார்ச் கடைசியில் ஒரு பட்டுப்போன மரத்தின் பொந்தில் குழாயைச் செருகிக்கொண்டிருந்தேன். கண்ணாடி பனி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழற்றினேன். பொந்துக்குள் பெரிய கூடு. எறும்புகள் முகத்தின் மேலேயே சரிந்து அமிலத்தைப் பீச்சிவிட்டன. சமையல்காரர் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். இடது கண் தப்பித்தது. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. வயர்லெஸில் துறைமுக மருத்துவரிடம் பேசி மருந்து போடுகிறேன். படகுக்காரரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். அண்ணனிடம் திறந்துவிட்டார் போலிருக்கிறது.

கண்ணுக்காக முகாமை மூடு என்று அவன் எழுதியிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பேன். அவன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? 'இப்பணியால் குறிப்பிடத்தக்க பலன் ஏதுமில்லை.' என் கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெற்குப் பக்கம் எறும்பே இல்லாமல் கிடக்கிறது. நான் அனுப்பிய அறிக்கை அவன் மேசை வழியாகத்தான் போயிருக்கும். படித்துவிட்டு எழுதியிருக்கிறான்.

நால்வரும் உட்கார்ந்து பேசினோம். "நான் மட்டும் இருக்கேன், நீங்க மூணு பேரும் கிளம்புங்க" என்றேன். சமையல்காரர் அகப்பையைக் கீழே வைத்தார். "மேடம், நீங்க சமைச்சதை ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன். எறும்பு சாகும், நீங்களும் செத்துடுவீங்க. நான் போகலை" என்றார். நெட்டையரும் கம்பளியும் குழாயைத் தூக்கிக்கொண்டு வடக்குச் சரிவுக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் வரப்போவதில்லை. இப்போது விட்டுவிட்டு வந்தால், வடக்கிலிருந்து எறும்பு இறங்கி வந்து, மழை முடிவதற்குள் தீவு முழுக்க மறுபடி மஞ்சளாகிவிடும். அப்புறம் யாரும் இங்கே வரமாட்டார்கள். 'ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று, பலனில்லை' என்று அண்ணனின் வரியையே எடுத்துக் காட்டுவார்கள். காப்பாற்ற நண்டும் இருக்காது.

டயப்பர் மணி இருக்கிறது, விஷம் இருக்கிறது. தீர்ந்துகொண்டிருப்பது சர்க்கரை. எங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் இல்லாவிட்டால் கலங்கரை விளக்கத்துக்காரர்கள் ஏதாவது தருவார்கள், மீனும் இருக்கிறது. சர்க்கரை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. உங்களால் எவ்வளவு முடியுமோ அனுப்புங்கள். ஒன்று மட்டும்: சாக்கை வெயிலில் விரித்து, தட்டி, புதுச் சாக்கில் மாற்றிக் கட்டுங்கள். அந்தச் சனியன் இங்கே வந்ததே சரக்கோடுதான்.

கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அவன் உங்கள் கணவன். நான் வெறும் நாத்தனார்.

வாலு


வீடு
ஜூன் 1

அடி வாலு,

உன் உடம்பு எப்படி என்று கேட்கப்போவதில்லை. நீ உண்மை சொல்லமாட்டாய். கண்ணைப் பற்றி இரண்டு மாதம் மறைத்ததற்கு நேரில் வந்தால் இருக்கிறது உனக்கு. இப்போது நேரமில்லை.

'வெறும் நாத்தனார்' என்று இன்னொரு தடவை எழுதினால் சர்க்கரைக்குப் பதில் உப்பு வரும்.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு முன்னால் சத்தமாகப் படித்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். படித்து முடித்ததும், "அவளுக்குக் கண்ணு போயிடுச்சு" என்றார்.

"தெரியும். அப்ப அதையே எழுதியிருக்கலாமே? பலன் இல்லைன்னு ஏன் எழுதினீங்க?"

"கண்ணுன்னு எழுதினா இவளைக் கூப்பிட்டுட்டு வேற ஆளை அனுப்புவாங்க. முகாம் நடக்கும். கண்ணு ஆறினதும் இவ திரும்பப் போய் நிப்பா. முகாமே இல்லைன்னாதான் இவ வீட்ல இருப்பா. எனக்குத் தெரியாதா அவளை?"

"உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவ இப்பவே வரலை."

"ஒரு தீவு, நண்டு, பறவை... அதுக்கு என் தங்கச்சி கண்ணைக் குடுக்கணுமா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன், பொய் சொல்லமாட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அவ குடுத்துட்டா. இப்ப நீங்க அது வீண்னு கையெழுத்து போட்டிருக்கீங்க."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. சமையல் மட்டும் நடக்கிறது.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். "ஆளுக்கு ஒரு மூட்டை" என்றார் தலைமையாசிரியை. மருந்துக்கடை அம்மா, தையல்காரி, வங்கியில் வேலை பார்க்கும் இரட்டையர், எல்லாருமாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். மொட்டைமாடி முழுக்க விரித்துக் காயவைத்து, ஒவ்வொரு சாக்காகத் தட்டி, புதுச் சாக்கில் போட்டுத் தைத்தோம். தெருவில் எவளோ, நான் கள்ளச் சந்தையில் சர்க்கரை விற்பதாகக் கிளப்பிவிட்டிருக்கிறாள். கிளப்பட்டும்.

பள்ளி வேனில் சிவப்பு 'எல்' பலகையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டோம். ஓட்டியது தலைமையாசிரியை. ஒரு மதிலும் விழவில்லை. படகுக்காரர், "மேலிடத்து உத்தரவும்மா, முகாமுக்குச் சாமான் ஏத்தக் கூடாது" என்று இழுத்தார். "இது சாமான் இல்லை, சீர்வரிசை. என் நாத்தனாருக்கு நான் அனுப்பறேன். தடுக்கச் சொல்லி உத்தரவு இருந்தா காட்டுங்க" என்றேன். ஏற்றிக்கொண்டார்.

முடித்துவிட்டு வா. முடிக்காமல் வராதே.

உன் அண்ணி


அலுவலகம்
ஜூன் 1

பாப்பா,

நலமா என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

குறிப்பை நான் திரும்பப் பெறவில்லை. உத்தரவை மீறுகிறாய் என்பதால் உன்மேல் நடவடிக்கைக் கோப்பு தொடங்கும். அது என் மேசைக்கு வந்தால், தங்கை என்று பார்க்காமல் மேலே அனுப்புவேன்.

இத்துடன் சொட்டு மருந்து. கண் மருத்துவரிடம் நானே போய் உன் நிலைமையைச் சொல்லி வாங்கினேன். காலை, மாலை. வெயிலில் வைக்காதே.

சர்க்கரை மூட்டைகளை வேனில் ஏற்றும்போது கொஞ்சம் தூக்கிக்கொடுத்தேன். உன் அண்ணிக்கு முதுகுவலி, அதனால்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


தீவு முகாம்
ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சீர்வரிசை வந்து சேர்ந்தது. எந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு இனிப்பாகச் சீர் வந்திருக்காது. உங்கள் முதுகுக்கும், மூட்டை தைத்த எல்லார் விரல்களுக்கும் என் கும்பிடு.

வடக்குச் சரிவு செங்குத்து. கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, பாறை இடுக்குகளில் குழாய் வைத்தோம். எனக்கு ஒரு கண்ணில் ஆழம் தெரிவதில்லை. கால் வைக்கும் இடத்தைக் கம்பளி முன்னால் போய்த் தட்டிக் காட்டுவார், அந்தச் சத்தத்தில் கால் வைப்பேன். கடைசிக் குழாயை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தபோது மேற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் எறும்புகள் தின்று முடித்துவிட்டன.

இப்போது சர்க்கரை தடவிய அட்டைகளை விஷமில்லாமல் காடு முழுக்க வைத்து, எறும்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுத்தமாக வருகின்றன அட்டைகள். இதை நம்பி ஆடக் கூடாது. எங்காவது ஒரு ராணி தப்பியிருந்தாலும் போதும். இல்லை என்று சொல்வதற்கு இன்னும் ஒரு வருடமாவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நேற்று மழையில், முகாமின் படிக்கட்டு ஓரம் ஒரு சிவப்பு நண்டு பழுத்த இலை ஒன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் நான்கு பேரும் நனைந்துகொண்டே நின்று வேடிக்கை பார்த்தோம். பெரிய இலை. வளைக்குள் போகவில்லை. திருப்பித் திருப்பி வைத்து, கடைசியில் உள்ளே இழுத்துவிட்டது. நெட்டையர் கை தட்டினார்.

அந்த வழியாகப் போன கப்பல் ஒன்றின் மருத்துவர் வந்து என் கண்ணைப் பார்த்தார். இனி இப்படித்தானாம். மருந்தை நிறுத்தவில்லை. இடது கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது, உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு. 'மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இருந்தது, முடித்தேன்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணனுக்குப் பதில் எழுதவில்லை. அவனை எழுத்தில் திட்டினால் எனக்குப் போதாது.

உங்கள்
வாலு


வீடு
ஜூலை 28

என் வாலுவுக்கு,

கண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். தனியாக உட்கார்ந்து அழுது முடித்தேன். அதோடு விட்டேன். நண்டு இலையை இழுத்த கதையை மட்டும் வகுப்பில் படித்தேன்.

இங்கே வேடிக்கையைக் கேள். செய்தித்தாளில் துறையின் மகத்தான வெற்றி என்று வந்திருக்கிறது. உன் பெயரும் இல்லை, மூடச் சொன்ன உத்தரவும் இல்லை. இயக்குநர் விருந்தினர்களோடும் நிருபர்களோடும் அடுத்த மாதம் தீவுக்கு வருகிறார். செடி நடும் விழாவாம். எங்கோ ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து தொட்டி தொட்டியாகப் பூச்செடி வாங்கி அடுக்கிவைத்திருக்கிறார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாங்கள் ஒவ்வொரு சாக்கையும் தட்டித் தட்டி அனுப்பினோம், இவர்கள் மண்ணோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

உன் அண்ணனும் அந்தப் படகில் வருகிறார். "நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது?" என்றார். இயக்குநர் விடவில்லை. இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். முன்னைப் போல இல்லை, ஆனாலும் பேசுகிறோம்.

அங்கே என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்.

அண்ணி


தீவு முகாம்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். உங்கள் கணவர் உட்பட. அவன் இங்கேதான் இருக்கிறான், கம்பளியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. எப்படி என்று முறையாகச் சொல்கிறேன்.

பெரிய படகு வந்தது. துறைமேடைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டு நால்வரும் நின்றோம். படகைக் கட்ட விடவில்லை. "இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் செருப்பு, பை, சட்டைப்பை எல்லாத்தையும் உதறணும். தொட்டி எதுவும் இறங்கக் கூடாது" என்று கத்தினேன்.

இயக்குநர் மேல்தளத்தில் நின்றுகொண்டு, "இது வெறும் பூச்செடிம்மா" என்றார்.

"இங்க வந்து இறங்கினதெல்லாம் வெறும் சிமெண்டுதான் சார்."

நானும் நெட்டையரும் தோணியில் படகுக்குப் போனோம். அவர்கள் கண்முன்னாலேயே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் இல்லை. இயக்குநர் சிரித்தார். இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதைத் தட்டியதும் அடிமண் பிளந்து, துணி முழுக்க மஞ்சள் ஓட்டம். வாயில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு, கிறுக்குப் பிடித்த மாதிரி. நடுவில் தடித்த உடம்போடு ஒரு ராணி. அதை நான் விரலால் நசுக்கினேன். ஒரு விருந்தினர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

நிருபர்கள் படம் எடுத்தார்கள். "எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று அவர்களிடம் பாய்ந்த இயக்குநர், என் பக்கம் திரும்பினார். "உங்க மேல ஏற்கெனவே நடவடிக்கை இருக்கு. முகாமையே மூடியாச்சு. எந்த அதிகாரத்துல என்னைத் தடுக்கறீங்க? பலனில்லைன்னு கோப்புலயே இருக்கு!"

பின்னால் இருந்து ஒரு குரல். "அதை எழுதினது நான் சார். பொய்யா எழுதினேன்."

அண்ணன்தான். முகமெல்லாம் வெளுத்திருந்தது. "அவ அறிக்கையைப் படிச்சுட்டுத்தான் எழுதினேன். வேலை நல்லா நடக்கறது தெரிஞ்சுதான் எழுதினேன். என் சொந்தக் காரணத்துக்காக. இதை எங்க வேணும்னாலும் எழுதித் தர்றேன்." நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். இயக்குநர் அவனைப் பார்த்த பார்வையில், அவனுக்கு இனி விசிறி கிடையாது என்று எனக்குத் தெரிந்துபோனது. அவனுக்கும் தெரிந்திருக்கும். காலணியைக் கழற்றினான். பைகளைத் திருப்பி உதறினான். சட்டையைக் கழற்றி உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, படகிலிருந்து கடலில் குதித்துவிட்டான். நீச்சல் அரைகுறை என்பது உங்களுக்குத் தெரியும். கம்பளி பாய்ந்து போய் இழுத்து வந்தார்.

வேறு யாரும் இறங்கவில்லை. படகு, தொட்டிகளோடும் இயக்குநரோடும் திரும்பிப் போனது. படகுக்கு மருந்தடித்துவிட்டுத்தான் இனிமேல் இந்தப் பக்கம் விட வேண்டும் என்று படகோட்டியிடம் சொல்லி அனுப்பினேன்.

மேடையில் நடுங்கிக்கொண்டு நின்றவனை நான் சோதித்தேன். மடிப்பு, ஓரம், காதுக்குப் பின்னால், எல்லாம். "எனக்குமா?" என்றான். "உனக்கு ரெண்டு தடவை" என்றேன். சோதித்து முடித்த பிறகு ஒரு மணி நேரம் திட்டினேன், அண்ணி. நீங்கள் இருந்திருக்க வேண்டும். கடைசியில் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, வலது கண்ணைப் பார்த்தான். "என்னைத் தெரியுதா?" என்று கேட்டான். "பாதிதான் தெரியுது. அதுவே போதும்" என்றேன். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த படகு வரும்வரை இங்கேதான் இருப்பான். அட்டை பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நண்டு குறுக்கே வந்தால் நின்று வழிவிடுகிறான். மாத்திரை கொண்டுவரவில்லை, அனுப்புங்கள். பறவைகள் மேட்டில் மறுபடி முட்டையிட்டிருக்கின்றன. பொரிந்தவரைக்கும் எல்லாக் குஞ்சுக்கும் கண் திறந்திருக்கிறது.

இயக்குநரைத் தீவில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியதற்கு இன்னொரு குறிப்பாணை வருகிறதாம், வயர்லெஸில் சொன்னார்கள். வரட்டும். உறையை மேடையிலேயே வைத்து நன்றாக உதறிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

உங்கள்
வாலு